எடைக்குப் போடும் முன் ஒரு பென்டிரைவ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பல பழைய கணினிகளில் அது இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மண்டி வைத்திருக்கும் என் மாமா, இதனாலேயே நன்றாக ஓடும் கணினியை எடைக்குப் போட இருந்தார்.

அவசரப்படாதீர்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், ரூஃபஸ் மென்பொருளைக் கொண்டு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டை ஏற்றுங்கள். (பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.) அப்புறம் அதிலிருந்தே கணினியை பூட் செய்யுங்கள், அதாவது தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே ஓடும். பிரின்டர் அச்சடிக்கிறதா, வைஃபை பிடிக்கிறதா, உங்கள் தமிழ்க் கோப்புகள் சரியாகத் திறக்கின்றனவா என்று நிதானமாகப் பாருங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அது பென்டிரைவின் வேகம். திரையில் தெரியும் இன்ஸ்டால் ஐகானை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

டாலியில் கணக்கு எழுதுபவர்கள் பொறுங்கள். அது விண்டோஸுக்கான மென்பொருள். மாமாவுக்கும் அதுதான் சிக்கல். கணக்குக்குப் புதிதாக ஒரு விண்டோஸ் 11 கணினி வாங்கினோம். பழையதில் லினக்ஸ். ஏற்காட்டில் இருக்கும் மகளோடு அத்தை இப்போது அதில்தான் வீடியோவில் பேசுகிறார்.