ஸ்டெயின் வாங்கும் முன் மரத்தைப் பாருங்கள்

மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயினை, கடையில் நிற அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் கதவு வேறு மரமென்றால் நிறமும் வேறாகத்தான் வரும்.

முதலில், என்ன மரம் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் முதிரை, பாலை, வேம்பு எல்லாம் உண்டு. முதிரைக்கு ஸ்டெயின் வேண்டாம் என்பேன். அந்தப் பொன்மஞ்சளை எந்த டின்னிலும் வாங்க முடியாது. நிறமில்லாத வார்னிஷ் போதும். பனையின் வைரத்துக்கும் வேண்டாம். கருநார்கள் நிறத்தைக் குடிக்காது, இடையிலுள்ள மென்மையான பகுதி குடிக்கும், திட்டுத்திட்டாகிவிடும். மரக்காலையில் வாங்கும் வெளிர்நிறப் பலகைகளுக்குத்தான் ஸ்டெயின் கைகொடுக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஸ்டெயினால் மரத்தைக் கருமையாக்கலாம், வெளிற வைக்க முடியாது.

அடுத்து, எண்ணெயா தண்ணீரா? எண்ணெய் ஸ்டெயின் மெதுவாகக் காயும், துடைத்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஆகவே வீட்டில் முதன்முதலாகச் செய்பவர்களுக்கு அதுதான் நல்லது. அலுவலகத்தில் மணம் தொல்லையாகும். அங்கே தண்ணீரில் கரையும் வகை சரி. அது மரநாரை எழுப்பிவிடும் என்பதால், முன்கூட்டியே ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் மெல்லத் தேய்த்துவிடுங்கள்.

பழைய வார்னிஷ் முழுதும் போகவேண்டும். வெறும் மரம்தான் நிறத்தை உறிஞ்சும். 120 எண் சாண்ட் பேப்பரால் தொடங்கி 180 எண்ணில் முடியுங்கள், மரவரியின் போக்கிலேயே. தூசியைத் துடையுங்கள்.

இப்போது சோதனை. மேசையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் பூசி, காய்ந்தபின் அதன்மேல் வார்னிஷும் அடித்துப் பாருங்கள். வார்னிஷ் ஏறியதும் நிறம் இன்னும் ஆழமாகும். அதைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

பிடித்திருந்தால் துணியால் பூசி, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டது பிசுபிசுவென்றே கிடக்கும். டின்னில் சொன்ன நேரம் காயவிடுங்கள். மாரி காலத்தில் அதைவிடக் கூடுதலாக.

ஸ்டெயின் நிறம்தான் தரும், மழையையும் வெயிலையும் தாங்காது. மேலே வார்னிஷ் கட்டாயம். வெளிக்கதவு, விறாந்தைத் தூண்களுக்கு வெயில் தாங்கும் வெளிப்புற வார்னிஷ் கேட்டு வாங்குங்கள். சோளகம் வீசும்போது திறந்த வெளியில் அடித்தால் புழுதி ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள உள்ளறையில் செய்யுங்கள்.

எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே வேண்டாம். தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்தி வையுங்கள்.