முதல் கரண்டியிலேயே சுதாரிக்கணும்

காட்மாண்டுவை ஒட்டியிருக்கும் பாட்டனில் ஒரு நேபாளிக் குடும்பத்தோடு தங்கியிருந்தேன். காலை பத்து மணிக்கு தால் பாத், அதாவது பருப்பும் சோறும்; இரவும் அதேதான். தட்டின் அடி தெரிந்தால் போதும், ஆமா (அம்மாதான்) சோற்றைக் கொட்டிவிடுவார். 'புக்யோ', அதாவது போதும் என்றால், கூச்சப்படுகிறான் என்று இன்னொரு கரண்டி. மீதி வைக்கவும் மனசு வரவில்லை.

ஒருநாள் நானே பரிமாறிக்கொள்ளலாம் என்று சாப்பிட்ட கையால் கரண்டியைத் தொட்டேன். எல்லோரும் கப்சிப். அங்கே அது 'ஜூட்டோ', நம்மூர் எச்சில். எனக்கா தெரியாது!

அப்புறம் முதல் தடவையே 'தோரை', கொஞ்சம் என்று சொல்லி அரைத்தட்டோடு ஆரம்பித்தேன். இரண்டாம் முறை தாராளமாக வாங்கிக்கொண்டேன். ஆமாவுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது கரண்டிக்கு மட்டும் தட்டின் மேல் கையைக் குடையாகப் பிடித்தேன்.