வேலி நகர்ந்த கதை

ஹட்டனில் அப்பா வாங்கிய காணி வெறும் 12 பேர்ச்சஸ். ஒரு அடை மழையில் மேல் பக்க மண் சரிந்து வேலி விழுந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் திருப்பிக் கட்டும்போது அது எங்கள் பக்கம் நாலடி தள்ளி நின்றது.

வாய்த்தகராறு முற்றி பொலிசுக்குப் போனோம். அங்கே ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் போடலாம் என்றார்கள். தெரிந்த சட்டத்தரணி ஒருவர் தடுத்தார். சண்டை மூளாமல் இருக்க, இப்போது காணியை யார் வைத்திருப்பது என்று மட்டும்தான் அந்த வழக்கு பார்க்குமாம். உரிமை யாருக்கு என்று தீர்க்காதாம். நல்லவேளை கேட்டேன்.

அப்புறம் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் அட்டவணையில் நான்கு எல்லைகளும், அளவையாளர் பெயரும், பிளான் இலக்கமும், திகதியும் இருந்தன. இத்தனை வருஷம் பீரோவில் தூங்கியது! நுவரெலியா காணிப் பதிவகத்தில் பதிவின் பிரதி எடுத்தேன். அதே பிளானை வைத்து, அண்ணனையும் கூப்பிட்டு நிற்க வைத்து, அனுமதிப்பத்திரமுள்ள அளவையாளரைக் கொண்டு அளந்தோம். தேயிலைச் செடிக்குள் புதைந்திருந்த பழைய எல்லைக்கல் அகப்பட்டது. அண்ணன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பிறகு, பிணக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போய், அதன் மத்தியஸ்தர்கள் மூன்று பேர் முன்னால் பேசினோம். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது, அதனால் செலவும் இல்லை. இணக்கத்தை எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். வேலிக்கான கம்பிச் செலவு பாதிப் பாதி. மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும் கூலி மட்டும் இன்னும் இழுபறிதான்.