குளத்து வள்ளத்தின் மின்மோட்டருக்கு ஈயப் பட்டரியா, லிதியமா?

கடைக்குப் போய் பட்டரி விலை கேட்குமுன் மோட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். சிறு வள்ளங்களுக்கான 12 வோல்ட் மின்மோட்டர்களின் உந்துவிசையை இறாத்தலில்தான் போட்டிருப்பார்கள். முழுவேகத்தில் இழுக்கும் அம்பியரும் ஏறத்தாழ அதே எண்தான்: 30 இறாத்தல் மோட்டர் 30 அம்பியர், 55 இறாத்தல் மோட்டர் 50 அம்பியர். 70, 80 இறாத்தல் மோட்டர்கள் பெரும்பாலும் 24 வோல்ட். அவற்றுக்கு இரண்டு பட்டரி வேண்டும், அது வேறு கணக்கு.

ஆள், வலை, பட்டரி, மீன் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு 100 கிலோவுக்கும் நாலரை இறாத்தல் உந்துவிசை என்பது குறைந்தபட்ச அளவு. இரண்டு பேர் ஏறும் பிளாஸ்டிக் வள்ளம் எல்லாப் பாரத்தோடும் 400 கிலோ வந்தால் 18 இறாத்தல் போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பிய பின்னேரத்தில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நடுவில் 18 இறாத்தல் மோட்டர் வள்ளத்தை நின்ற இடத்திலேயே வைத்திருக்கும். 40 முதல் 55 வரை எடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை: உங்கள் குளத்தில் மோட்டர் பூட்ட அனுமதி உண்டா என்று நன்னீர் மீனவர் சங்கத்திடமும் நெக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) அலுவலரிடமும் கேட்டுவிடுங்கள்.

100 என்று எழுதியிருப்பது 100 அல்ல

ஈயப் பட்டரியில் 100 அம்பியர்-மணி என்று அச்சடித்திருப்பது, 5 அம்பியராக 20 மணித்தியாலம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 50 அம்பியரில் இழுத்தால் அதே பட்டரி ஒரு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும்போதே வெறுமையாகிவிடும். கிடைப்பது 55, 60 அம்பியர்-மணிதான். வேகமாக இழுக்கும்போது தகட்டின் உட்பகுதிக்கு அசிட் போய்ச் சேர நேரம் போதாது, அதுதான் காரணம். அதிலும் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பட்டரியின் ஆயுள் ஓடிவிடும். ஆகவே முழுவேகத்தில் நம்பி ஓடக்கூடியது அரை மணித்தியாலம். மெதுவாக, 15, 20 அம்பியரில் ஓடினால் 40 அம்பியர்-மணி வரை எடுக்கலாம்.

லிதியத்தில் இந்த இழப்பு மிகக் குறைவு. 50 அம்பியரில் இழுத்தாலும் 100இல் 80, 90ஐ எடுத்துக்கொள்ளலாம். முடியும் தறுவாய் வரை வோல்ட்டும் 13ஐ ஒட்டியே நிற்பதால் வேகம் தளராது.

ஒரு காலை வேலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். வலை போட்ட இடம் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம். போய்வர 3 கிலோமீற்றர், மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் 45 நிமிடம். 20 அம்பியர் வீதம் 15 அம்பியர்-மணி. வலையோரமாக மெல்ல நகர 40 நிமிடம், 10 அம்பியர் வீதம் 7. காற்றை எதிர்த்து 20 நிமிடம், 45 அம்பியர் வீதம் 15. மொத்தம் 37. கால்பங்கு கையிருப்புச் சேர்த்தால் 46. இந்த வேலைக்கு 100 அம்பியர்-மணி ஈயம் இழுபறி. கையிருப்பை எண்ணினால் போதாது. 60 அம்பியர்-மணி லிதியம் சரியாகப் பொருந்தும், 100 லிதியம் ஒருநாள் சார்ஜ் பிந்தினாலும் தாங்கும். உங்கள் குளத்துத் தூரத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். காற்றின் திசையையும் மறக்க வேண்டாம். இரணைமடுவின் அணைக்கட்டு வடக்குப் பக்கம் என்பதால், அங்கிருந்து வள்ளம் இறக்குவோருக்குச் சோளகம் திரும்பும்போது துணை. வாடைக் காலத்தில் அது தலைகீழ், களைத்த பட்டரியோடு காற்றை எதிர்த்து வரவேண்டும்.

யாருக்கு எது

கிழமைக்கு நாலைந்து நாள் தொழிலுக்குப் போகிறவர் லிதியம் எடுக்கலாம். தயங்கத் தேவையில்லை. நல்ல டீப் சைக்கிள் ஈயப் பட்டரி, அதாவது ஆழமாக இறக்கி ஏற்றவென்றே செய்தது, பாதியளவு இறக்கத்தில் 300 முதல் 500 தடவை தாங்கும். லிதியம் இரும்பு பொஸ்பேட் (இங்கே லிதியம் என்பது இதைத்தான்) 80 வீத இறக்கத்திலும் 2000 தடவைக்கு மேல். 50 அம்பியர்-மணி வீதம் 300 தடவை என்றால் ஈயம் வாழ்நாளில் தருவது 15,000. 80 வீதம் 2000 தடவை என்றால் லிதியம் தருவது 1,60,000. கடையில் சொல்லும் இரண்டு விலைகளையும் இந்த எண்களால் வகுத்துப் பாருங்கள்.

மாதத்தில் இரண்டு தடவை, பொழுதுபோக்காக வள்ளம் இறக்குபவருக்கு இந்தக் கணக்கு உதவாது. 2000 தடவையை அவர் எக்காலத்திலும் தொடப்போவதில்லை. அவருக்கு டீப் சைக்கிள் ஈயமே போதும். பழசானால் கடைக்காரர் எடைக்கு எடுத்துப் புதியதன் விலையில் கழித்தும் விடுவார். லிதியத்துக்கு அப்படி ஒரு பழைய விலை கிடையாது.

கரண்டா சோலாரா என்பதும் தீர்ப்பை மாற்றும். ஈயப் பட்டரியின் கடைசி 20 வீதம் மிக மெதுவாகவே ஏறும். காலியானதை நிரப்ப 8, 10 மணித்தியாலம் தேவை. கரையில் ஒரு பனலை மட்டும் நம்பினால் பின்னேரம் வெயில் சாயும்போது அது 85, 90 வீதத்தில் நிற்கும். நாள்தோறும் இப்படி அரைகுறையாக நிரப்பினால் தகட்டில் சல்பேட் இறுகி, சில மாதங்களில் பட்டரி செத்துவிடும். லிதியத்துக்கு அரைகுறைச் சார்ஜால் கேடில்லை. 200 வாட் பனல் நல்ல வெயில் நாளில் 50, 60 அம்பியர்-மணி தரும். மேலே சொன்ன காலை வேலை அதற்குள் அடங்கும்.

கார், லொறிப் பட்டரி வேண்டவே வேண்டாம். ஒரு நொடி இஞ்சினைச் சுற்றிவிடவே அதன் மெல்லிய தகடுகள். சில டசின் தடவை ஆழமாக இறக்கினால் தகட்டில் அப்பியிருக்கும் பூச்சு உதிர்ந்து அடியில் வண்டலாகக் கிடக்கும்.

லிதியம் வாங்கும்போது

முதலில் தூக்கிப் பாருங்கள். 100 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேட் பட்டரி 10 முதல் 13 கிலோ இருக்கும், ஈயம் 30 கிலோவை ஒட்டும். 6 கிலோவில் 100 என்று எழுதியிருந்தால் எழுத்து பொய். உள்ளே இருக்கவேண்டிய நான்கு செல்லே 7, 8 கிலோ. பழைய ஸ்கூட்டர் பொதியிலிருந்து கழற்றிய செல்களால் கட்டியதை வள்ளத்தில் ஏற்றாதீர்கள், அவை பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்கும் வகை.

வீட்டில் சோதிக்க, முழுச் சார்ஜில் 55 வாட் ஹெட்லைட் பல்ப் இரண்டைப் பூட்டி எரியவிடுங்கள். சேர்த்து 9, 10 அம்பியர் இழுக்கும். 10 மணித்தியாலத்தை ஒட்டி எரிந்தால் பட்டரி நியாயமானது. 6இல் அணைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று, அதாவது பி.எம்.எஸ்., எத்தனை அம்பியர் விடும் என்று கேளுங்கள். 55 இறாத்தல் மோட்டருக்கு 100 அம்பியர் பி.எம்.எஸ். வேண்டும். 50 அம்பியராக இருந்தால் விசிறியில் தாமரைக் கொடி சிக்கிய கணமே அது மோட்டரை நிறுத்திவிடும். சில மோட்டர் தயாரிப்பாளர்கள், லிதியத்தின் வோல்ட் இறங்காததால் முழுவேகத்தில் நீண்டநேரம் ஓட்டவேண்டாம் என்கிறார்கள். 85 வீதத்தில் வைத்தால் சூடும் குறையும், பட்டரியும் மிஞ்சும்.

லிதியத்தின் பெரிய குறை, முன்னறிவிப்பின்றி நிற்பது. ஈயம் தளர்ந்து தளர்ந்து சாகும், லிதியம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணையும். வோல்ட்மீற்றரை நம்பவும் முடியாது: ஈயத்தில் ஓய்வில் 12.7 நிறைவு, 12.1 பாதி. லிதியத்தில் 13.2க்கும் 13.0க்கும் இடையிலேயே பாதிக்கொள்ளளவு ஓடிவிடும். அம்பியரை எண்ணிக் கழிக்கும் ஷன்ட் மீற்றர் ஒன்று பூட்டுங்கள். எந்தப் பட்டரியானாலும் துடுப்பும் மரக்கோலும் வள்ளத்தில் இருக்கவேண்டும். முதலை இருக்கிற குளத்தில் இறங்கித் தள்ள முடியாது.

வயரும் பிரேக்கரும்

நல்ல பட்டரியையும் கெடுப்பது மெல்லிய வயர். பட்டரி மோட்டரிலிருந்து 3 மீற்றர் தள்ளியிருந்தால் போய்வரும் நீளம் 6 மீற்றர். வீட்டு வயரிங் செய்யும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 50 அம்பியர் ஓடினால் 2.2 வோல்ட் வழியிலேயே தொலையும், 110 வாட் சூடாக மாறி உறை உருகும். 16 சதுர மில்லிமீற்றரில் இழப்பு 0.35 வோல்ட். களப்புக்குப் போகும் வள்ளமென்றால் வெள்ளீயம் பூசிய செப்புவயர் எடுங்கள். நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 60 அம்பியர் டி.சி. பிரேக்கர் பூட்டுங்கள். வீட்டு ஏ.சி. பிரேக்கர் டி.சி. பொறியை அணைக்காது. முனைகளை இறுக்கிய பின் வசலின் பூசுங்கள். ஓடி முடிந்ததும் முனையைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அது தளர்ந்திருக்கிறது.

30 கிலோ ஈயத்தை ஓட்டுபவரோடு சேர்த்து பின்பக்கம் வைத்தால் வள்ளத்தின் மூக்கு தூக்கும். நடுவில், தாழ வைத்துக் கட்டுங்கள். நந்திக்கடலிலோ கொக்கிளாயிலோ உப்புத்தண்ணீர் பட்டரிக்குள் புகுந்தால் அசிட்டோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். திறந்த மூடி ஈயத்தைக் களப்புக்குக் கொண்டுபோகாமல், மூடிய ஏ.ஜி.எம். (அசிட்டைக் கண்ணாடிநார் விரிப்பு உறிஞ்சி வைத்திருக்கும் ஈயப் பட்டரி) அல்லது லிதியம் எடுப்பதே நல்லது.

சார்ஜும் பராமரிப்பும்

ஈயத்துக்கு 10 முதல் 20 அம்பியர் சார்ஜர் போதும். கரைக்கு வந்த அன்றே போடவேண்டும், நாளைக்கு என்று விட்டால் சல்பேட் இறுகத் தொடங்கும். சார்ஜ் போடும்போது ஹைட்ரஜன் வெளியேறும், மூடிய அறை வேண்டாம். தண்ணீரைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள், அதுவும் பட்டரித் தண்ணி மட்டும். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் வன்னிக் கிணற்றுத் தண்ணீர் தகட்டிலும் அதையே செய்யும். வெயில்காலத்தில் மாதம் ஒருதடவை மூடி திறந்து பாருங்கள்.

லிதியத்துக்கு 14.2 முதல் 14.6 வோல்ட்டில் நிறுத்தும் லிதியச் சார்ஜர் வேண்டும். சல்பேட் நீக்கும் வசதியுள்ள ஈயச் சார்ஜர் 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும், பி.எம்.எஸ். துண்டித்துக்கொள்ளும். ஈயத்தையும் லிதியத்தையும் ஒருபோதும் இணையாகப் பூட்டாதீர்கள்.

வெயில் இரண்டுக்கும் பகை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயத்தின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். லிதியமும் 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்க விரும்பாது. வைகாசி வெயிலில் கரையில் கிடக்கும் வள்ளத்தில் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

மாரியில் தொழில் நின்றால் ஈயத்தை நிரப்பி வைத்து மாதம் ஒருதடவை மீண்டும் நிரப்புங்கள். லிதியத்தைப் பாதியளவில், வயரைக் கழற்றி, நிழலில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருதடவை பார்த்தால் போதும்.