ப்ரௌசர் மெதுவா? எதையும் அழிப்பதற்கு முன்னால்

ப்ரௌசர் மந்தமானதும் பலர் கை போவது ஹிஸ்டரியை அழிக்கும் இடத்துக்குத்தான். காலத்தை 'ஆல் டைம்' என்று வைத்து, கண்ணில் பட்ட கட்டத்தையெல்லாம் டிக் அடித்து, டிலீட். சில பதிப்புகளில் அந்தப் பட்டியலில் சேமித்த பாஸ்வேர்டும் இருக்கும். குரோமில் கூகுள் கணக்கு வழியாக சிங்க் (கணினியிலும் போனிலும் ஒரே தகவலை வைக்கும் ஏற்பாடு) ஓடிக்கொண்டிருந்தால் போனிலிருந்தும் போய்விடும். அப்புறம் இ.பி. பில், சொத்து வரி என்று ஒவ்வொன்றுக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்' அழுத்தி ஓடிபிக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்து அழிகிற கேஷ் குப்பையே இல்லை. ஒரு தளத்தின் படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, மறுமுறை வலையிலிருந்து இழுக்காமல் காட்டத்தான் அது இருக்கிறது. துடைத்தால், ஒவ்வொரு தளமும் முதல் தடவை முன்னைவிட மெதுவாகத்தான் திறக்கும். ஒரே ஒரு தளம் மட்டும் கோணலாகத் தெரிந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தப் பக்கம் மட்டும் புதிதாக வரும்.

முதலில் பழி யார்மேல் என்று பார்க்க வேண்டும்: ப்ரௌசரா, கணினியா, லைனா? அதே வைஃபையில் போனில் அதே தளத்தைத் திறங்கள். அங்கும் இழுத்தால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். டேட்டாவில் பறந்தால் சந்தேகம் வைஃபை, லைன் பக்கம். வேளச்சேரி, பெரும்பாக்கம் மாதிரி அடுக்ககம் நெருங்கிய இடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எல்லா வீட்டு ரவுட்டரும் முட்டி மோதும்; 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் பெரும்பாலும் மூச்சு வரும், நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் இல்லாத வரை. காலை 10 மணிக்கு ஏசி தட்கல் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் அது சர்வர் நெரிசல். அதற்கு நாம் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

மற்ற தளங்களும் கணினியில் மட்டும் இழுக்கிறதா? எங்கள் பிளாக்கில் ஒரு மாமா நெட் கம்பெனியையே மாற்றத் துணிந்துவிட்டார். "தம்பி, நூறு எம்பி வாங்கியும் இந்த லட்சணம்!" குரோமைத் திறந்து ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். குரோமுக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் இருப்பது அவருக்குத் தெரியாது. சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால், உச்சியில் உட்கார்ந்திருந்தது எந்த டேபும் இல்லை, தள்ளுபடி கூப்பன் தேடித் தருகிற ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது ப்ரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள். "இதை நான் போடவே இல்லையேப்பா." ஏதோ இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அதை நீக்கியதும் மின்விசிறிச் சத்தமே அடங்கிவிட்டது. நெட் கம்பெனி தப்பித்தது.

பட்டியலைப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் இன்காக்னிடோவில் (ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி ஜன்னல்) திறந்து பார்க்கலாம். நாமாக அனுமதிக்காத வரை அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. வேகம் கிடைத்தால் பிரச்சினை பெரும்பாலும் அவற்றில்தான். அதற்காக எப்போதும் இன்காக்னிடோவிலேயே குடியிருப்பது வைத்தியம் ஆகாது.

அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடுவதும் வீண் வேலைதான். கூகுள் கணக்கில் நுழைந்து சிங்க் ஆனதும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். செட்டிங்ஸில் ரீசெட் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களை அணைத்துவிட்டு, புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் விட்டுவைக்கும். நம் லாகினை நினைவு வைத்திருக்கும் குக்கீ போய்விடுவதால் தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

'ஸ்பீட் பூஸ்டர்', 'கிளீனர்' வகையறாக்களைத் தொடவே தொடாதீர்கள். 'உங்கள் ப்ரௌசர் பழையது, இங்கே அழுத்துங்கள்' என்று ஒரு இணையப் பக்கம் சொன்னால் அதை நம்பவும் வேண்டாம். குரோம் அப்டேட் ஆவது அதன் மெனுவுக்குள் இருக்கும் 'அபவுட்' பக்கத்தில். விண்டோஸ் 7 கணினியில் அதுவும் நடக்காது. 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்போடு குரோம் அங்கே நின்றுவிட்டது. பாப்அப்பில் வந்த கஸ்டமர் கேர் நம்பருக்குப் போன் செய்து பணம் போயிருந்தால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எக்ஸ்டென்ஷனும் சுத்தம், லைனும் சுத்தம் என்றால் கணினியைப் பார்க்கலாம். மே மாதக் கத்திரியில் மெத்தைமேல் லேப்டாப்பை வைத்தால் காற்றுப் போகும் வழி அடைபட்டு, சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேஜைக்கு மாற்றிப் பாருங்கள்.

ரேம் கதை வேறு. 2018 முதல் குரோம் பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸில் ஓட்டுகிறது. அதற்கு ஏற்ப நினைவகமும் கூடுதலாகத் தின்னும். 4 ஜிபி லேப்டாப்பில் முப்பது டேப் தாங்காது. செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரி சேவரைப் போட்டுவிடுங்கள், தொடாத டேப்கள் தூங்கும்.

அப்படியும் முடியாமல் உதிரிபாகம் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புகிறவர்கள், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துவிட்டுப் போகவும். மெமரி பாதியில் இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், வாங்க வேண்டியது எஸ்எஸ்டி, அதாவது அதைவிட வேகமான சேமிப்பகம். மெமரியே நிரம்பி வழிந்தால் ரேம். அதிலும் டிடிஆர்3 வகை ரேமுக்கான இடத்தில் டிடிஆர்4 வகை உட்காராது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்றவே முடியாது. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போய், கடையிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, வாரண்டியோடு பில் வாங்குங்கள்.