பட்டுச்சேலை செல்ஃபி: நெசவை மறைக்கும் தவறுகள்

காஞ்சிப் பட்டு கட்டி எடுத்த செல்ஃபியில் முகம் பளிச்சென்று வந்துவிடும். சேலை மட்டும் பாலியெஸ்டர் போலத் தெரியும். பெரும்பாலும் வெளிச்சம் வரும் திசைதான் காரணம்.

முதல் தவறு ஃப்ளாஷ். அசல் ஜரிகை, பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. நேரே விழும் ஒளியை அப்படியே திருப்பியடிக்கும். கரையில் நெய்த அன்னமும் யாளியும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றால் முகத்துக்கு நல்லது, துணி தட்டையாகும். ஜன்னல் ஒரு தோள்பக்கம், ஏறக்குறைய 45 டிகிரியில் இருக்கட்டும். சாய்ந்து விழும் ஒளியில்தான் இழையின் மேடு பள்ளம் தெரியும். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பு கலந்தால் அரக்கு நிறம் செங்கல் நிறமாகும்.

மயில்கழுத்து நிறத்தில் பாவு (நீளவாக்கு இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) இன்னொரு நிறம். விறைப்பாக நின்றால் இரண்டில் ஒன்றுதான் பதியும். முந்தியை முழங்கையில் வளையவிடுங்கள்; மடிப்பின் ஒரு சரிவில் நீலமும் மறு சரிவில் பச்சையும் தனித்தனியே தெரியும்.

பொடிக்கட்டச் சேலையில் வேறு தொல்லை: படத்தில் நீரலை போல வளைகோடுகள் ஓடும். இழைகளின் வரிசையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒத்துப்போகாததால் வருவது இது. ஓரடி முன்னே வாருங்கள், அல்லது உடலைச் சற்றுத் திருப்புங்கள். அழிக்கும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில சமயம் அலை திரையில் மட்டும்தான் இருக்கும்.

அடர்நிறச் சேலை திரையை நிறைத்தால் போன் படத்தையே வெளுப்பாக்கும். முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும். போர்ட்ரெய்ட் மோடு முந்தியின் குஞ்சத்தைத் தின்றுவிடும். பியூட்டி ஃபில்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இடத்தோள் முந்தி படத்தில் வலத்தோளுக்கு மாறியிருந்தால், முன்கேமரா கண்ணாடிப் பிம்பமாகச் சேமிக்கிறது. கேமரா செட்டிங்ஸில் நிறுத்தலாம். கைநீட்டும் தூரத்தில் மூக்கு பெரிதாகும், கொசுவம் வராது. போனை நெஞ்சு உயரத்தில் நிறுத்தி, 10 விநாடி டைமர் வைத்து, பின்கேமராவில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுப்பதே மேல்.

ஆனால் கோர்வை அதிலும் சிக்காது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், மூன்று நாடா (ஊடை இழையைக் குறுக்கே கொண்டுசெல்லும் கருவி) ஓட்டிக் கோத்த இடம் அது. நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ள வேண்டும். அந்த ரம்பப்பல் இணைப்பைத் தனியாக எடுங்கள். போனை ஒட்டிப் பிடித்தால் ஃபோகஸ் நிற்காது. ஒன்றரைச் சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள்.