ஒரே அடிகுழாய்க்கு இரண்டு தாள்கள்: தாயகத்துக்காக ஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாடுகளில் பணியாற்றும் வங்கதேச ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுக்காகச் சேர்ந்து நடத்தும் குடிநீர் ஆய்வுகளில், தரவுகளைத் தொகுப்பவனாகப் பல ஆண்டுகள் உடன் இருந்திருக்கிறேன். குழுவில் தமிழன் நான் ஒருவனே. சென்ற மாதம் ஓர் இளைஞர் அணி தங்கள் களத்திட்டத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தது. வேதியியலர் ஒருவர், பொதுச் சுகாதாரம் படித்தவர் ஒருவர், பொருளியலர் ஒருவர். மூவரும் மூன்று நாடுகளில் இருப்பவர்கள். அத்திட்டத்தின் நான்காம் பக்கத்தில், நாங்கள் முன்பு செய்த தவறு ஓர் எழுத்தும் மாறாமல் இருந்ததைக் கண்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நிதி போதாமை, அனுமதிக் கடிதங்களின் தாமதம், நேர வேறுபாட்டால் நள்ளிரவில் நடக்கும் கூட்டங்கள் ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வங்க மாதங்களை நம் மாதங்களாக எண்ணுவது

இது என் தவறு. வங்கதேசக் கிராமங்களில் "எப்போது தண்ணீர் வராமல் போகிறது?" என்று கேட்டால் பெரும்பாலோர் "சொய்த்ரோ" என்பார்கள். காதில் சித்திரையாக விழுந்ததை நான் சித்திரையாகவே பதிவு செய்தேன். ஆனால் அங்கே ஏப்ரல் 14 அன்று பிறக்கும் மாதம் பொய்ஷாக். அதுவே நம் சித்திரை. அவர்களுடைய சொய்த்ரோ நம் பங்குனி, அவர்களுடைய ஆஷார் நம் ஆனி. ஒரு மாதம் தள்ளிப்போனதால், வறண்ட காலத்தில் பாசனத்தால் விளையும் போரோ நெல்லுக்கு இரவும் பகலும் நீர் இறைக்கப்பட்டு நிலத்தடி நீர்மட்டம் இறங்கும் காலம், என் அட்டவணையில் அறுவடைக் காலமாக மாறிப்போயிற்று. சாதாரண அடிகுழாய் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இறங்கிய நீரை உறிஞ்சாது. குழாய் வறண்டதற்கும் வயலில் ஓடிய பம்புக்கும் உள்ள தொடர்பை அந்த ஒரு மாதப் பிழை முழுவதுமாக மறைத்துவிட்டது.

"பாதுகாப்பான நீர்" எது என்று பேசி முடிக்காமல் ஊருக்குள் போவது

குளத்து நீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறப்பதைத் தடுப்பதற்காக, 1970களிலிருந்து அரசும் யுனிசெஃபும் வங்கதேசம் முழுவதும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. பின்னர் மக்கள் தாங்களே செலவு செய்து லட்சக்கணக்கில் தோண்டிக்கொண்டார்கள். 1993இல் சப்பாய் நவாப்கஞ்ச் பகுதியில் கிணற்று நீரில் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம் இருப்பது கண்டறியப்பட்டது. அதன் பிறகு நாடு தழுவிய அளவில் கிணறுகள் சோதிக்கப்பட்டு, வரம்பைத் தாண்டியவற்றின் வாயில் சிவப்பும் மற்றவற்றின் வாயில் பச்சையும் பூசப்பட்டன. "லால் கோல்" (சிவப்புக் குழாய்), "ஷொபுஜ் கோல்" (பச்சைக் குழாய்) என்று அங்கே குழந்தைகளும் சொல்வார்கள். அந்த வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். அது வங்கதேச அரசின் அளவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 10. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் விழும் கிணறுகள் ஏராளம், அவற்றிலிருந்து நீர் எடுத்துக் குடிக்கும் மக்கள் கோடிக்கணக்கானோர்.

எங்கள் குழுவில் கட்டுமானப் பொறியாளர் ஒருவரும் நோய்ப்பரவலியல் படித்த மருத்துவர் ஒருவரும் இருந்தார்கள். இருவரும் டாக்காவில் படித்து, வெவ்வேறு கண்டங்களில் வேலை பார்த்துக்கொண்டு, ஊதியம் எதுவும் இல்லாமல் தங்கள் ஊர்களுக்காக உழைத்தவர்கள். திட்ட அறிக்கையின் முதல் வரியில் "பாதுகாப்பான குடிநீர்" என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். பொறியாளருக்கு அந்தச் சொல்லின் பொருள் 50, மருத்துவருக்கு 10. நாற்பது பக்க அறிக்கையில் அந்த எண் எங்குமே இல்லை, அதை வாய்விட்டுக் கேட்டவரும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான், ஏனெனில் "பாதுகாப்பானதா: ஆம், இல்லை" என்ற பத்தியை அட்டவணையில் அமைத்தவன் நான்.

முதல் பயணத்தில் பொறியாளரின் அணி போயிற்று. 50க்குக் கீழே இருந்த கிணறுகளின் வீட்டாருக்கெல்லாம் "நிராபோத்", அதாவது ஆபத்தில்லை, என்று பச்சை முத்திரையிட்ட தாளைக் கொடுத்தது. எண் எதுவும் எழுதப்படவில்லை. எட்டு மாதம் கழித்து மருத்துவரின் அணி அதே வீடுகளுக்குப் போய் மாதிரி எடுத்து, 10க்கு மேல் இருந்தவற்றின் நீரைக் குடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. இரு அணிகளும் தத்தம் துறை முறைப்படி சரியாகவே வேலை செய்திருந்தன. ஆய்வகத்தின் அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

மூன்றாம் பயணத்தில் நானும் போனேன். உள்ளூர் களப்பணியாளர் "சாச்சி" (சித்தி) என்று அழைத்த ஒரு மூத்த பெண்மணி, பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து, நான்காக மடித்த இரண்டு தாள்களை எடுத்து முற்றத்துப் பாயில் பக்கம் பக்கமாக விரித்து வைத்தார். ஒன்றில் பச்சை முத்திரை. மற்றொன்றில் சிவப்பு மையால் வட்டமிட்ட 34. அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. "இடையில் என் குழாயில் யார் என்ன கலந்தார்கள்?" என்று மட்டும் கேட்டார். நிலத் தகராறு இருந்த கொழுந்தன் குடும்பத்தின் மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்திருந்தது. ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த இரண்டு வீட்டாரும் மாதக்கணக்காகப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மற்ற வீடுகளில் எங்களை மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். ஆனால் மாதிரி எடுக்கச் சம்மதிக்கவில்லை. பச்சைத் தாளையும் சிவப்பு வட்டத்தையும் ஒருசேர ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் எந்தக் குழாய் இருந்ததோ அதிலேயே தண்ணீர் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவற்றுள் லால் கோல்களும் இருந்தன.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இது நடந்திருக்காது. துறைகள் சேர்ந்து வேலை செய்வது என்றால் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொள்வது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரே சொல்லை ஒவ்வொரு துறையும் எந்தப் பொருளில் ஆள்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பத்து மில்லியன் டாலர் கிடைத்திருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது.

ஆர்சனிக்கோடு இது முடிவதும் இல்லை. கிணறு தோண்டும் மிஸ்திரி, குழாய் வழியே மேலே வரும் மணலின் நிறத்தைப் பார்த்தே நீரைப் பற்றி ஒரு கணிப்புச் சொல்வார். சாம்பல் நிற மணலைவிடச் செந்நிற மணலில் ஆர்சனிக் குறைவு என்பதை மட்லப் பகுதியில் நடந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஆனால் அதே செந்நிற மணல் அடுக்கின் நீரில் மாங்கனீசு கூடுதலாக இருப்பதுண்டு. ஆகவே நிலவியலர் "நல்லது" என்று சொல்லும் கிணற்றைக் குழந்தை நலம் பார்க்கும் மருத்துவர் அப்படிச் சொல்லத் தயங்கலாம். அரை கிலோமீட்டர் தள்ளிப் பச்சைக் குழாய் இருக்கிறது என்று வரைபடம் காட்டும். பொருளியலரோ, அந்தக் குடத்தை யார் சுமப்பது, எந்த வீட்டு முற்றத்துக்குள் எந்த வீட்டுப் பெண் நுழைய முடியும் என்று கேட்பார். இவை எல்லாம் "பாதுகாப்பான" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இப்போது எந்தக் குழு என்னிடம் வந்தாலும், வீட்டாருக்குக் கொடுக்கப்போகும் தாளை முதலில் எழுதச் சொல்கிறேன். ஆய்வுத் திட்டம் அதற்குப் பிறகுதான். அந்தத் தாளில் அளவு வங்க எண்களில் இருக்க வேண்டும், 10, 50 ஆகிய இரண்டு வரம்புகளும் இருக்க வேண்டும், இடையில் விழுந்தால் என்ன செய்வது என்ற ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை எல்லாத் துறையினரும், அந்த ஊரின் சுகாதாரப் பணியாளரும் ஒப்புக்கொள்ளும் வரை விமானச் சீட்டு எடுக்கக் கூடாது. களத்தில் பயன்படும் தாள்பட்டை 10, 25, 50, 100 என்று நிறப்படிகளில்தான் காட்டும் என்பதால், அதைப் பார்த்து 34 என்று எழுதவும் கூடாது.

மாதிரியை எடுத்துக்கொண்டு முடிவைச் சொல்லாமல் போவது

செய்யாதீர்கள்.

கருவியை நன்கொடையாக அனுப்புவது

வேதிப்பொருள் எந்தக் கடையில் கிடைக்கும், பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெயரோடு பதில் இருந்தால் அனுப்புங்கள்.

உள்ளூர் நிறுவனத்தைக் கடைசியில் அழைப்பது

சணல் மரபணு வரிசை 2010 ஜூனில் அறிவிக்கப்பட்டபோது, ஹவாயில் பணியாற்றிய வங்கதேச அறிவியலர் மக்சுதுல் ஆலமின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. பப்பாளி, ரப்பர் ஆகியவற்றின் மரபணுப் பணிகளில் அவர் பெற்ற அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் அந்த முயற்சியில் டாக்கா பல்கலைக்கழகமும், வங்கதேசச் சணல் ஆராய்ச்சி நிறுவனமும், டேட்டாசாஃப்ட் என்ற உள்ளூர் மென்பொருள் நிறுவனமும் பங்காளிகளாக இருந்தன. 2014 டிசம்பரில் ஆலம் மறைந்த பிறகும் பணி நின்றுவிடவில்லை. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த அபுல் ஹுசாமும் நீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கும் தம் சோனோ வடிகட்டியை வங்கதேசத்தின் குஷ்தியாவில் சகோதரருடன் சேர்ந்தே உருவாக்கினார். வாளிகளை அடுக்கி, மணலும் இரும்புக் கலவையும் கரியும் செங்கல் துண்டும் இட்டுச் செய்வது அது. 2007இல் அதற்கு 10 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது.

டிசம்பர் விடுமுறையில் மட்டும் போவது

பல்கலைக்கழகம் மூடியிருக்கும், பாதைகள் காய்ந்திருக்கும், உறவினரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று எல்லோரும் அந்த மாதத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது அடிகுழாய் இரண்டு முறை அடித்ததுமே தண்ணீர் கொடுத்துவிடும். சொய்த்ரோவில் ஒரு முறை போய், விடிகாலையில் முற்றத்து ஓரமாக நின்று பாருங்கள். எவ்வளவு அடித்தாலும் குழாய் காற்றைத்தான் தள்ளும். வீட்டுப் பெண் பக்கத்துக் குளத்திலிருந்து ஒரு குவளை நீர் மொண்டு வந்து, குழாயின் தலையில் ஊற்றி, மறுபடியும் வேகமாக அடிப்பார். முதலில் கலங்கலாகவும் பிறகு தெளிவாகவும் நீர் வரும். குடம் நிறையும், குழந்தை அங்கேயே கை ஏந்திக் குடிக்கும். அந்தக் குவளை நீரில் இருந்த கிருமிகளைப் பற்றி எங்கள் குழுவில் ஒருவரும் ஐந்து ஆண்டுகளாக ஒரு கேள்வியும் கேட்டதில்லை, ஏனெனில் ஐந்து ஆண்டுகளும் நாங்கள் டிசம்பரில்தான் போயிருந்தோம்.